கடை நடத்துபவர் மேயராக நினைத்தால்: வார்டிலிருந்து மாமன்றம் வரை முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி 2022-இல் மாநகராட்சித் தேர்தலில் நின்றார். ஓட்டுக் கணக்கும் செலவுக் கணக்கும் பார்த்தது நான். "மேயராகி இந்த ஊர்ச் சாக்கடையை ஒரு வழி பண்ணிடணும் தம்பி" என்றுதான் ஆரம்பித்தார். பிரசாரத்துக்குப் போன முதல் நாளே ஒரு அக்கா கேட்டார்: "அண்ணாச்சி, உங்களுக்குப் போட்டுட்டு மேயருக்குத் தனியா இன்னொரு ஓட்டுப் போடணுமா?" வாசலில் நின்றபடியே விளக்கினோம். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி.

அண்ணாச்சி நூற்றுக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். முப்பது வருடமாக அந்த வார்டுக்கு ஆணியும் பைப்பும் விற்றவர். அவரைத் தெரியாத வீடு கிடையாது. ஆனாலும் தோற்றார், காரணம் தேர்தல் வேலையை அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பித்ததுதான். அடுத்த முறை அவரைப் போல யாரும் தடுமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு மாநகராட்சிகளுக்கான வழிகாட்டி. மளிகை, ஜவுளி, ஹோட்டல், ஒர்க்‌ஷாப் என்று எது நடத்துபவருக்கும் பொருந்தும்.

முதலில் தெரிய வேண்டியது: மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை

இப்போதைய முறைப்படி மக்கள் தங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு ஓட்டுப் போடுகிறார்கள். ஜெயித்த கவுன்சிலர்கள் மாமன்றத்தில் கூடி, தங்களில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதைத்தான் மறைமுகத் தேர்தல் என்கிறோம். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 1996-இல் அப்படிச் சென்னையில் முதன்முதலாக நேரடியாகத் தேர்வானவர் மு.க.ஸ்டாலின். 2006-இலும் 2022-இலும் மறைமுகத் தேர்தல். நடுவில் 2016, 2018, 2019 என்று சட்டம் மாறி மாறித் திருத்தப்பட்டது. அதனால் அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்னால் அரசிதழைப் பாருங்கள். நேரடித் தேர்தல் திரும்ப வந்தால் இங்கே சொல்லும் கணக்கு பாதி மாறிவிடும். வராதவரை, வார்டில் ஜெயிக்காதவர் மேயராக முடியாது.

காலத்தையும் மனதில் வையுங்கள். இப்போதுள்ள மாமன்றங்கள் 2022 மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்றவை. அரசியல் சட்டப்படி ஐந்து வருடம், ஆக 2027 மார்ச்சோடு முடிகிறது. ஆனால் 2016 அக்டோபரில் முடிந்த மாமன்றங்களுக்கு அடுத்த தேர்தல் 2022-இல்தான் நடந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். தேதியை நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்துவிடாதீர்கள்.

படி 1: உங்கள் கடையே உங்களுக்குத் தடையாக இருக்கிறதா என்று பாருங்கள்

வயது 21 முடிந்திருக்க வேண்டும். அந்த மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொது. வியாபாரம் செய்பவருக்கு இதற்குமேல் இரண்டு இடத்தில் கண்ணி இருக்கிறது.

ஒன்று, பாக்கி. மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய தொகைக்குக் கேட்பு நோட்டீஸ் வந்து, அதில் சொன்ன கெடுவும் முடிந்து, போன வருடம் வரையான பாக்கி நிலுவையில் இருந்தால் போட்டியிடும் தகுதி போய்விடும். வீட்டுச் சொத்து வரியை எல்லோரும் நினைவாகக் கட்டிவிடுகிறார்கள். மறந்துபோவது மற்றவைதான்: கடையின் பேரில் அரையாண்டுக்கு ஒருமுறை வரும் தொழில் வரி, குடோன் இருக்கும் மனையின் காலிமனை வரி, அப்பா பெயரிலேயே இருக்கும் குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடைக் கட்டணம். மாநகராட்சிக் கட்டிடத்தில் வாடகைக்குக் கடை வைத்திருந்தால் வாடகை பாக்கியும் இதில் சேரும். 2022-க்குப் பிறகு வணிகக் கட்டிடங்களுக்குச் சொத்து வரி பெரிதாக உயர்ந்ததால், பழைய தொகையைக் கட்டிவிட்டு வித்தியாசத்தை விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். வரிவிதிப்பு எண் ஒவ்வொன்றாக எடுத்து, பாக்கி இல்லை என்று பார்த்து, ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அண்ணாச்சிக்கு இதில்தான் உயிர் போய் உயிர் வந்தது. வேட்புமனு கொடுப்பதற்கு முந்தின நாள், குடோனுக்கு இரண்டு அரையாண்டு வரி விட்டுப்போயிருப்பது தெரிந்தது. வரி வசூல் மையத்தில் வரிசையில் நின்று சாயங்காலம் கட்டினார். பணம் பெரிதில்லை. அந்த ஒரு நாளை இழந்ததுதான் நஷ்டம்.

இரண்டாவது, ஒப்பந்தம். மாநகராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் உங்களுக்குப் பங்கு இருந்தால் நிற்க முடியாது. ஜெயித்த பிறகு அப்படி ஒரு பங்கு வந்தாலும் பதவி போகும். தெருவிளக்குச் சாமான் சப்ளை, அம்மா உணவகத்துக்குக் காய்கறி, சாலைப் பணிக்கு ஜல்லி, வாடகைக்கு விட்ட டிராக்டர் என்று எதுவாக இருந்தாலும் இப்போதே பட்டியல் போடுங்கள். தம்பி பெயரிலோ மனைவி பெயரிலோ மாற்றிவிட்டால் போதும் என்று ஆலோசனை சொல்பவர்கள் வருவார்கள். கேட்காதீர்கள். பெயரை மாற்றினாலும் பணம் யாருக்குப் போகிறது என்று நீதிமன்றம் பார்க்கும், தெருவும் பார்க்கும். ஒப்பந்தத்தை முடித்து, பில் தொகையை வாங்கி, முடிந்ததற்கான கடிதத்தையும் வாங்கிவிட்டு வாருங்கள். எதில் சந்தேகம் இருந்தாலும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. பழைய மாநகராட்சிச் சட்டத்தை வைத்துப் பேசுபவர் சொல்வது உங்களுக்கு உதவாது.

படி 2: எந்த வார்டு?

போட்டியிடும் வார்டில்தான் உங்கள் ஓட்டு இருக்க வேண்டும் என்பதில்லை. அதே மாநகராட்சிக்குள் எங்கே ஓட்டு இருந்தாலும் எந்த வார்டிலும் நிற்கலாம். உங்களை முன்மொழிபவர் மட்டும் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வீடு ஒரு வார்டிலும் கடை ஒரு வார்டிலும் இருக்கும் வியாபாரிகளுக்கு இது நல்ல வசதி. என் அனுபவத்தில் வீட்டை விடக் கடை இருக்கும் வார்டுதான் பலம். வீட்டுப் பக்கம் உங்களை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது, காலையில் போய் இரவில் வருபவர் நீங்கள்.

ஆனால் இட ஒதுக்கீடு எல்லாவற்றையும் புரட்டிப்போடும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்பத் தனி வார்டுகள். மேயர் பதவிக்கும் அப்படியே: 2022-இல் இருந்த 21 மாநகராட்சிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னை, பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 28 வயதில் ஆர்.பிரியா மேயரானார். எந்த மேயர் பதவி யாருக்கு என்ற அறிவிப்பு அந்த ஜனவரி நடுவில்தான் வந்தது. தேர்தல் தேதி ஜனவரி 26-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. யோசிக்கக்கூட நேரமில்லை.

அதனால் உங்கள் வார்டு பெண்களுக்குப் போனால் யார் நிற்பது என்று இன்றே வீட்டில் பேசிவிடுங்கள். கடையைப் பாதி நாள் நடத்துவது மனைவிதான் என்றால் அவரே நிற்கட்டும், அவரே கூட்டத்துக்குப் போகட்டும், அவரே பேசட்டும். மனைவியை நிறுத்திவிட்டுக் கணவர் கவுன்சிலராக நடந்துகொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அது அந்தப் பெண்ணுக்கும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும் செய்யும் அநியாயம். உங்கள் குடும்பத்தில் நிற்க விருப்பமுள்ள பெண் இல்லையென்றால், வார்டில் தகுதியான வேறொரு பெண்ணுக்கு வேலை செய்யுங்கள்.

படி 3: கட்சியா, சுயேச்சையா?

இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலராக ஜெயிக்க மட்டும் ஆசை என்றால் சுயேச்சையாக நிற்கலாம், உள்ளாட்சியில் சுயேச்சைகள் ஜெயிப்பது புதிதில்லை. மேயர்தான் குறி என்றால் கட்சி இல்லாமல் நடக்காது. 2022-இல் 21 மாநகராட்சி மேயர் பதவியும் தி.மு.க. கூட்டணிக்கே போயின. மாமன்றத்தில் பாதிக்கு மேல் கவுன்சிலர்கள் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். கோவையில் 100 வார்டு, அப்படியென்றால் 51 பேர். ஒற்றை ஆளாக நின்று ஜெயித்துவிட்டு 51 பேரை எங்கே தேடுவது?

கட்சிக்குள்ளும் பணமும் பெயரும் மட்டும் போதாது. கும்பகோணத்தைப் பாருங்கள். 2021-இல் மாநகராட்சியான ஊர், 48 வார்டு. கூட்டணிப் பங்கீட்டில் மேயர் பதவி காங்கிரசுக்குப் போனது. காங்கிரசுக்கு அங்கே இரண்டே கவுன்சிலர்கள். அவர்களில் ஒருவரான ஆட்டோ ஓட்டுநர் கே.சரவணன் அந்த ஊரின் முதல் மேயரானார். முதலில் வார்டில் ஜெயித்து வைத்திருந்தார், அதனால் வாய்ப்பு வந்தபோது வாங்கிக்கொள்ள முடிந்தது. வார்டில் தோற்ற கோடீஸ்வரருக்கு அந்த நாற்காலி இல்லை.

கட்சியில் இருப்பவர் என்றால் விருப்ப மனு கொடுக்கும் காலத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வட்டச் செயலாளரும் பகுதிச் செயலாளரும் உங்களை ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நன்கொடை கொடுப்பவராகத் தெரிந்தால் கடைசிவரை நன்கொடையாளராகவே வைத்திருப்பார்கள். பூத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவராகத் தெரியுங்கள். இன்னொன்று, ஒரு கட்சியின் கொடியைக் கடைமேல் கட்டினால் மற்றக் கட்சிக்கார வாடிக்கையாளர்களில் சிலர் வராமல் போவார்கள். அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதிக்கொண்டே இறங்குங்கள்.

வணிகர் சங்கப் பொறுப்பில் இருப்பது பலமா? பலம்தான், ஓரளவுக்கு. கடைவீதியில் 300 கடை இருந்தாலும் அந்த முதலாளிகளில் பெரும்பாலானோருக்கு ஓட்டு வேறு வார்டில் இருக்கும். அண்ணாச்சிக்குச் சங்கம் முழுக்க ஆதரவு. எண்ணிப் பார்த்தால் எங்கள் வார்டில் ஓட்டு இருந்த உறுப்பினர்கள் சொற்பம்.

படி 4: இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கடையில் கடன் நோட்டு இருக்கும். அதே மாதிரி நீளவாக்கில் இன்னொரு நோட்டு வாங்குங்கள். தெருவுக்கு நாலு பக்கம் விடுங்கள். கடைக்கு வருபவர் சாமான் கட்டும் நேரத்தில் பேசுவதை எழுதுங்கள். தேதி, தெரு, விஷயம், செய்தது, முடிந்த நாள். அண்ணாச்சி தோற்றபிறகு ஆரம்பித்த நோட்டில் இப்படி இருக்கும்: "மேலத்தெரு, கம்பம் எரியலை, மூணு நாளா. கம்பத்து நம்பர் எழுதியாச்சு. புகார் போட்டது திங்கள். எரிஞ்சது வியாழன்." அதற்குக் கீழே: "பள்ளிக்கூடச் சந்து, குழாயில் கலங்கல் தண்ணி. ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து பார்த்தார். பைப் மாத்தணும், எஸ்டிமேட் போடலை." இந்த இரண்டாவது வரிதான் முக்கியம். முடியாததையும் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் புகாரைச் சொன்னவர் திரும்ப வந்தால் பக்கத்தைத் திருப்பி, எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியும்.

கடைக்காரருக்கு மட்டும் இருக்கும் வசதி இது. அரசியல்வாதி மக்களைத் தேடிப் போக வேண்டும், உங்களிடம் மக்கள் தினமும் வருகிறார்கள். பத்து மணிக்கு வரும் கொத்தனார், பதினொன்றுக்கு வரும் பிளம்பர், சாயங்காலம் பல்பு வாங்க வரும் ரிட்டயர்டு வாத்தியார், இவர்கள் வாயிலிருந்து வருவதுதான் வார்டின் உண்மையான நிலவரம். பிளம்பருக்குத் தெரியாத குழாய்ப் பிரச்சினை ஊரில் கிடையாது.

இத்துடன் மாநகராட்சி எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். புகாரை யாரிடம் கொடுப்பது, உதவிப் பொறியாளர் என்ன செய்வார், துப்புரவு ஆய்வாளரின் எல்லை எது, மண்டல அலுவலகத்தில் எது முடியும், ஆணையர்வரை எது போகும். 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்த ஆரம்பித்தார்கள். கிராம சபை மாதிரி, வார்டுக்குள் சிறு சிறு பகுதியாகக் கூட்டுவது. அதற்குப் போங்கள். பெரும்பாலும் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும், அதனாலேயே எழுந்து பேசுபவரை எல்லோருக்கும் நினைவிருக்கும். பேசும்போது உங்கள் கடை வாசல் பிரச்சினையை முதலில் எடுக்காதீர்கள்.

படி 5: வாக்காளர் பட்டியலைக் கையில் எடுங்கள்

உள்ளாட்சித் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் பட்டியலுக்கு அடிப்படை சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான். அதை வார்டுவாரியாகப் பிரித்து வெளியிடுவார்கள். 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) நிறையப் பெயர்கள் நீக்கப்பட்டதால், இந்த முறை இது இன்னும் முக்கியம். பெயர் விட்டுப்போனவரைக் கண்டுபிடித்துச் சேர்க்க உதவினால் அவர் உங்களை மறக்க மாட்டார். உங்களுக்கு ஓட்டுப் போடுகிறாரோ இல்லையோ, அது செய்ய வேண்டிய வேலை.

பட்டியல் அச்சாகி வந்ததும் மூன்று நிறப் பேனா எடுங்கள். நம்மவர், சந்தேகம், ஊரில் இல்லாதவர். மூன்றாவது நிறம்தான் எங்களை வீழ்த்தியது. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களை ஓட்டு நாளன்று எப்படி வரச் சொல்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. 2022-இல் மாநில அளவில் 60.70 சதவீதம் பதிவானது, சென்னையில் 43.59 சதவீதம்தான். பாதிப்பேர் வராத தேர்தலில், வர வைப்பவர் ஜெயிக்கிறார்.

படி 6: வேட்புமனு

2022 கால அட்டவணையைப் பாருங்கள், அவசரம் புரியும். ஜனவரி 26 அறிவிப்பு. 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத்தாக்கல். 5 பரிசீலனை. 7 வாபஸ், சின்னம். 19 வாக்குப்பதிவு. 22 எண்ணிக்கை. முதல் நாளிலிருந்து ஓட்டு நாள்வரை 24 நாள்.

மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் அப்போது 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2,000. மனுவோடு உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும்: வழக்குகள், சொத்து, கடன், படிப்பு. வியாபாரிகள் இதில் தடுமாறுவது கடன் பகுதியில். வங்கியின் ஓ.டி. கணக்கு, சரக்குக் கடன், சீட்டுக் கம்பெனிக்குக் கட்ட வேண்டியது, கூட்டு நிறுவனத்தில் உங்கள் பங்கு, எதையும் விடாதீர்கள். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மாதம் முன்பே வாங்கி வையுங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள்.

பரிசீலனை நாளன்று நேரில் இருங்கள். அசல் ரசீதுகளும் கூட இருக்கட்டும்.

படி 7: பணம்

செலவு உச்சவரம்பு 2022-இல் சென்னை கவுன்சிலருக்கு 90,000 ரூபாய், மற்ற மாநகராட்சிகளுக்கு 85,000. சென்னையில் அப்போது 61 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், 200 வார்டு. சராசரியாக வார்டுக்கு 30,000 பேர். ஒரு வாக்காளருக்கு மூன்று ரூபாய்தான் கணக்கு. ஒரு டீ வாங்கிக் கொடுக்கவும் போதாத தொகை, சட்டம் அவ்வளவுதான் அனுமதிக்கிறது.

ஓட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று உங்களிடம் சொல்லப்படும், எங்களிடமும் சொன்னார்கள். அது குற்றம் என்பது ஒரு பக்கம். வியாபாரியாகவே யோசியுங்கள்: முதல் போட்டவர் எடுக்கத்தான் பார்ப்பார், அதை எங்கிருந்து எடுப்பார்? சாக்கடைக்கு ஒதுக்கிய காசிலிருந்துதானே. எந்தச் சாக்கடையைச் சரி செய்ய நிற்கிறீர்களோ அதையே விற்கிற வேலை அது.

கடையில் தள்ளுபடி, இலவசம், கடன் ரத்து எதையும் தேர்தல் காலத்தில் அறிவிக்காதீர்கள். ஆடித் தள்ளுபடியாக இருந்தால் பரவாயில்லை, பிப்ரவரியில் திடீரென்று வந்தால் அது லஞ்சமாகவே பார்க்கப்படும். கடைப் பணத்தையும் தேர்தல் பணத்தையும் கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். கடை வண்டியைப் பிரசாரத்துக்கு எடுத்தால் அதற்கும் வாடகை போட்டு எழுத வேண்டும். கடைப் பையன்கள் நோட்டீஸ் கொடுக்க வந்தால் அவர்கள் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள். வசூல் பணத்தோடு வண்டியில் போகும்போது 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பில், வங்கிச் சலான் கையில் இருக்கட்டும். பறக்கும் படை பிடித்தால் அது வியாபாரப் பணம் என்று நிரூபிப்பதிலேயே இரண்டு நாள் போய்விடும்.

முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவரும்தான். ஒப்படைக்காவிட்டால் மூன்று வருடம் தகுதியிழப்பு வரும். தோற்ற சோர்வில் அண்ணாச்சி கடையைத் திறக்கவே நான்கு நாள் ஆனது. கணக்கு மட்டும் கெடுவுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டது, அன்றன்றைக்கு எழுதியிருந்ததால்.

படி 8: பத்து நாள் பிரசாரம்

சின்னம் கிடைத்தது பிப்ரவரி 7, பிரசாரம் ஓய்ந்தது 17 மாலை. கையில் இருந்தது பத்து நாள். சுயேச்சை என்றால் சின்னத்தைச் சொல்லவே ஐந்து நாள் போகும்.

காலை ஆறரை முதல் எட்டரை, சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது. மத்தியானம் யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். உங்களோடு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், அதில் இரண்டு பேராவது அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். நோட்டை எடுத்துப் போங்கள். "உங்க தெரு விளக்கு போன மார்ச்சுல எரிஞ்சுதே, ஞாபகம் இருக்கா" என்று ஒரு வரி சொன்னால் போதும், நோட்டீஸ் படிக்க வேண்டியதே இல்லை.

வாக்குறுதியில் கவுன்சிலரால் முடிவதை மட்டும் சொல்லுங்கள். விளக்கு, குப்பை, குழாய், வடிகால், தெரு, பூங்கா, சுகாதார நிலையம். சொத்து வரியைக் குறைப்பேன் என்று தனியாளாகச் சொல்லாதீர்கள், அது மாநில அரசும் மாமன்றமும் சேர்ந்து எடுக்கும் முடிவு. நடைபாதைக் கடைகளை அகற்றுவேன் என்று கடைவீதியில் சத்தியம் செய்வதற்கு முன்னால், அந்தத் தள்ளுவண்டிக்காரரின் ஓட்டும் இதே வார்டில்தான் இருக்கிறது, அவருக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்பதை நினையுங்கள்.

பிளெக்ஸ் பேனர் வேண்டாம். 2019-இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனது. பிள்ளைகள் வண்டி ஓட்டும் எந்தப் பெற்றோரும் அதை மறக்கவில்லை.

படி 9: ஓட்டு நாள்

ஒவ்வொரு பூத்துக்கும் விடியற்காலையில் போய் உட்கார நம்பகமான ஏஜென்ட் வேண்டும். பட்டியலைப் படித்து ஆளை அடையாளம் சொல்லத் தெரிந்த, அதே தெருவில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் நல்லது. சாப்பாடு, தண்ணீர், மாற்று ஆள் மூன்றையும் முந்தின இரவே முடித்துவிடுங்கள். எண்ணும் இடத்துக்கு நிதானமான ஒருவரை அனுப்புங்கள். ஓட்டு சமமாக வந்தால் குலுக்கல்தான்.

படி 10: மாமன்றக் கணக்கு

கவுன்சிலர்கள் பதவியேற்று இரண்டு நாள் கழித்து, 2022 மார்ச் 4-ஆம் தேதி, மேயர் தேர்தல் காலையிலும் துணை மேயர் தேர்தல் பிற்பகலிலும் நடந்தன. பெரும்பாலான ஊர்களில் கட்சி அறிவித்தவர் போட்டியின்றி வந்தார். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நாகர்கோவிலில் 52 கவுன்சிலர்கள், 28-க்கு 24 என்று முடிந்தது. ஓசூரில் 45 பேர், 27-க்கு 18. வாக்கெடுப்பு ரகசியம். நாடாளுமன்றம், சட்டமன்றங்களுக்கு இருக்கும் பத்தாவது அட்டவணைக் கட்சித் தாவல் தடை இங்கே பொருந்தாது. கடலூரில் தி.மு.க. அறிவித்தவரை எதிர்த்து அதே கட்சிக் கவுன்சிலரே நின்றார்.

எனவே கட்சித் தலைமை உங்கள் பெயரை அறிவித்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டுக்கும் போங்கள், தோழமைக் கட்சிக்காரர் வீட்டுக்கும் சேர்த்து. என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள். நிலைக்குழுத் தலைவர், மண்டலக் குழுத் தலைவர், வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று பதவிகள் இருக்கின்றன. பேச்சு அந்த எல்லைக்குள் இருக்கட்டும். ஒப்பந்தப் பங்கு பேசுபவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

மேயரான பிறகும் இந்தக் கணக்கு தொடரும். திருநெல்வேலியில் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியில் கூட்டத்துக்கு யாரும் வராததால் அது தோற்றது. அதே வருடம் ஜூலையில் அவர் பதவி விலகினார். அதே மாதம் கோவை மேயரும் விலகினார்.

படி 11: நாற்காலியும் கடையும்

அங்கியும் சங்கிலியும் செங்கோலும் உண்டு, ஆனால் கோப்பில் கையெழுத்துப் போட்டு வேலை நடத்துபவர் ஆணையர். மேயர் மாமன்றத்தை நடத்துகிறார், தீர்மானங்களை முன்வைக்கிறார், கேள்வி கேட்கிறார், எதை முதலில் செய்வது என்று அழுத்தம் கொடுக்கிறார். கடையில் நீங்கள் சொன்னால் பையன் உடனே செய்வான். இங்கே மதிப்பீடு, தீர்மானம், டெண்டர், பணி ஆணை என்று ஒவ்வொன்றாகப் போகும். வியாபாரத்திலிருந்து வருபவர்களுக்கு முதல் ஆறு மாதம் இது மூச்சு முட்டும். பொறுத்து, வரிசையைக் கற்றுக்கொள்பவர் வேலை வாங்குகிறார்.

2023 ஜூலை முதல் மேயருக்கு மாதம் 30,000 ரூபாய் மதிப்பூதியம், துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000. குடும்பம் இதில் நடக்காது. அதனால் கடையை யார் நடத்துவது என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள்: பேங்க் கையெழுத்து யார், கொள்முதல் யார், கடன் கொடுப்பது யார். கடைக்குள் மாநகராட்சிப் பேச்சு வேண்டாம் என்று ஒரு விதி வையுங்கள். ஒப்பந்தக்காரர்கள் உங்கள் கடையில் திடீரென்று சிமெண்டும் கம்பியும் வாங்க ஆரம்பிப்பார்கள், அங்கேதான் உங்கள் பெயர் கெடும். அவர்களுக்கு விற்பதில்லை என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பணத்தொடர்பு உள்ள பொருள் மாமன்றத்தில் வந்தால் ஓட்டுப் போடாமல் விலகிக்கொள்ளுங்கள், விலகியதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி அடுத்த முறையும் நிற்கிறார். வார்டு பெண்களுக்குப் போனால் அவர் மனைவி நிற்பார், இப்போது பகுதி சபைக்கு அவரும்தான் போய்ப் பேசுகிறார். அந்த நோட்டு மூன்றாவது நோட்டாகிவிட்டது. குடோன் வரி இந்த அரையாண்டுக்கும் கட்டியாயிற்று, ரசீது கோப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சந்துக் குழாய்க்கு எஸ்டிமேட் போட்டுவிட்டார்கள், டெண்டர் இன்னும் வரவில்லை.